பேஜாரு என்றால் எரிச்சல் அல்ல

"இந்த வயதிலும்" என்று தொடங்கும் பாராட்டை நான் ஏற்பதில்லை.

என் அம்மா பணி ஓய்வு பெற்ற பிறகு தமிழ் எழுதக் கற்றுக்கொண்டார். எழுத்துப் பயிலரங்கு ஒன்றில் சேர்ந்தார். தன் அக்காவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது அச்சேறும் நிலைக்கும் வந்தது. செய்தியைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம், "இந்த வயசுலயும் கத்துக்கிறாங்களே!" என்பதுதான். சொன்னவர்கள் முகத்தில் அன்பு இருந்தது; அதை நான் மறுக்கவில்லை. அன்போடு இழைத்தாலும் அவமதிப்பு அவமதிப்புதான். தமிழ் இலக்கணத்தில் இழிவு சிறப்பும்மை என்று ஒன்று உண்டு. 'இது குழந்தைக்கும் தெரியும்' என்று சொன்னால், அந்த 'உம்' குழந்தையை உயர்த்தவில்லை. அதைக் கடைசிப் படியில் நிறுத்திவைத்து, அதற்கே தெரிந்திருக்கிறதே என்று வியக்கிறது. 'இந்த வயதிலும்' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'உம்' செய்வதும் அதே வேலைதான். நான் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கிய காலத்தில் எனக்குக் கிடைத்தது வேறு: "இந்த வயசுலயே!" எனக்கு ஏகாரம், அம்மாவுக்கு உம்மை. இந்த ஓரவஞ்சனையை எந்த மேடையிலும் கேட்பேன்.

மேடை எனக்குப் புதிதல்ல. பள்ளிப் பருவம் தொட்டு பெங்களூரின் தமிழ் மேடைகளில் பேசி வளர்ந்தவள் நான். எதிரணியினரின் ஒரு விகுதியைப் பிடித்துக்கொண்டு அவர்களது முழு வாதத்தையும் கவிழ்க்கப் பயிற்சி பெற்றவள். அந்தப் பயிற்சியை என் வாழ்வில் மிகவும் தேவைப்பட்ட ஒரு நாளில் நான் பயன்படுத்திய கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். வென்றேனா என்பதை வாசிப்பவர்கள் முடிவு செய்யட்டும்.

அம்மா கோலார் தங்கவயலில் பிறந்தவர். சுரங்க வேலைக்காக வட ஆற்காட்டிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பம். வீட்டில் பேச்சு தமிழ். அம்மா படித்த பள்ளியில் பாடம் ஆங்கிலம், இரண்டாம் மொழி கன்னடம். பெங்களூருக்கு வந்து, ஓய்வு பெறும்வரை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தார். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பார்; எழுதத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் அவருக்கு வந்ததில்லை, பெரியம்மா இறக்கும்வரை.

பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, பெங்களூரை அடுத்த சந்தாபுராவில் வாழ்ந்தவர். அம்மாவைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். மூத்த பெண் என்பதால் தமிழ்ப் பள்ளியில் கொஞ்ச காலம் படிக்கவைத்து, பிறகு நிறுத்தி, சீக்கிரமே திருமணம் செய்துவைத்துவிட்டார்கள். அவர் தினமும் மாலையில் அம்மாவோடு தொலைபேசியில் பேசுவார். பேசுவார் என்பது மரியாதைக்கு; உண்மையில் திட்டுவார். மாவு புளித்ததற்கும், மருத்துவரிடம் போகாததற்கும், எனக்கு இன்னும் திருமணம் ஆகாததற்கும் சேர்த்துத் திட்டு விழும். ஒரு நாள் காலையில் மாரடைப்பு. மாலையில் தொலைபேசி ஒலிக்கவில்லை.

இறுதிச் சடங்கில் அம்மா அழவில்லை. உறவினர்கள் அதைக் கவனித்தார்கள். கவனித்ததோடு நிறுத்திக்கொள்ளும் பண்பாடு எங்கள் உறவினர்களுக்கு இல்லை. "தூக்கி வளத்த அக்கா. தங்கச்சிக்காரி ஒரு சொட்டு கண்ணீர் விடலியே, பாத்தியா?" என்று ஒரு குரல் பந்தலுக்குள் நன்றாகவே கேட்டது. பெரியப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. சொல்லப்படாத அந்த ஒன்று இருவருக்கும் நடுவில் கிடந்தது.

சில மாதங்கள் கழித்து அம்மா என்னிடம், "நான் அக்காவப் பத்தி எழுதணும்," என்றார்.

"ஆங்கிலத்தில் எழுதுங்கள் அம்மா, உங்களுக்கு அதுதானே எளிது?" என்ற பொருளில் நான் ஏதோ சொன்னேன்.

"இங்கிலீஷ்ல எழுதினா அவளுக்கே புரியாதுடீ."

இறந்தவருக்குப் புரியவேண்டும் என்று ஒருவர் புதிதாக ஒரு மொழியை எழுதக் கற்கிறார். அவரைப் பார்த்துத்தான் 'இந்த வயதிலும்' என்றார்கள்.

பயிலரங்கு லிங்கராஜபுரத்தில், கீழே தையற்கடை இருக்கும் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், சனிக்கிழமைப் பிற்பகல்களில் நடந்தது. நடத்தியவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒரு பேராசிரியை. அதிராமல் பேசுவார், விட்டுக்கொடுக்க மாட்டார். வந்தவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அம்மாவை ஸ்கூட்டரில் கொண்டுவிடத்தான் நான் போனேன். வாசலில் நின்று கைப்பேசியைத் தேய்ப்பதைவிட உள்ளே உட்காரலாமே என்று பேராசிரியை அழைத்ததால் உட்கார்ந்தேன்.

முதல் வகுப்பிலேயே அம்மா கையை உயர்த்திவிட்டார்.

"மேடம், ஒரு டவுட். வண்டிக்கு மூணு சுழி போடறீங்க. கன்றுக்கு ரெண்டு சுழி. பந்துக்கு வேற ஒண்ணு. இத எல்லாம் மனப்பாடம் பண்ணணுமா, இல்ல ரூல் எதுனா இருக்குதா?"

"ரூல் இருக்குங்க," என்றார் பேராசிரியை. "பின்னாடி ட வந்தா முன்னாடி ண். ற வந்தா ன். த வந்தா ந். இனம் இனத்தோடதான் சேரும்."

அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இத்தன வருஷமா இத ஒருத்தர் கூட எனக்கு சொல்லலியே! நான் என்னமோ தமிழ்னா பெரிய காடுன்னு பயந்துட்டிருந்தேன். இது கணக்குங்க! சுத்தமான கணக்கு!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் முனகியது. "கணக்கு ஆவாதுன்னுதான் தமிழ் கிளாஸுக்கு வந்தேன். இங்கயும் கணக்கா? டீச்சரம்மா, ஒரு எடம் பாக்கி வெய்ங்க."

அவர் ஒக்கலிபுரத்திலிருந்து வருபவர். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பு முழுவதும் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். பெரியம்மா போனபின் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என் கோபங்களையெல்லாம் வரிசைப்படுத்தி எழுதும் இந்தக் கட்டுரையில் இந்த ஒன்றையும் ஒழுங்காகப் பதிவு செய்யவேண்டும்: அந்த அறை மகிழ்ச்சியான அறை.

அதன் பிறகு அம்மாவோடு வண்டியில் போவது பெரும்பாடாகிவிட்டது. பின்னிருக்கையில் அமர்ந்தபடி, கண்ணில் படும் தமிழ் எழுத்தையெல்லாம் திருத்திக்கொண்டு வருவார். எங்கள் பகுதியில் கண்ணில் படும் தமிழ் எழுத்து பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைதான். "நிறுத்து, நிறுத்து. 'ஆழ்ந்த'வுக்கு பள்ளி 'ள' போட்டு வெச்சிருக்கான் பாரு. செத்துப்போனவர் என்ன நெனப்பாரு?" வீட்டில் மளிகைச் சாமான்களின் பெயரைத் தமிழில் எழுதி டப்பாக்களில் ஒட்டினார். றகரம் வரும் சாமான் எது என்று ஒரு மாலை முழுவதும் தேடி, 'மிளகாய் வற்றல்' கிடைத்ததும், லாட்டரி விழுந்தவர் போல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கார்டு ஐயாவின் எழுத்து வேறு வகை. எதை எழுதினாலும் அது பணி அறிக்கையாகவே வரும். 'வண்டி புறப்பட்டது. சிக்னல் பச்சை. வழியில் மழை.' பேராசிரியை கேட்டார்: "அந்த மழையில உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"எனக்கு எப்படி இருந்தா என்னங்க? வண்டி டைமுக்கு போச்சு."

அவரேதான் மூன்றாம் மாதத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தார். 'கடைசிப் பெட்டியில் நிற்பவனுக்கு எந்த ஊரும் வந்ததில்லை. எல்லா ஊரும் போய்க்கொண்டுதான் இருந்தன.' படித்துவிட்டு, தவறு செய்துவிட்டவர் போல் எங்களைப் பார்த்தார். பேராசிரியை அந்த வரியைப் பலகையில் எழுதி, வகுப்பு முடியும்வரை அழிக்காமல் விட்டார். கார்டு ஐயா அன்று தேநீர் குடிக்கும்போதும் பலகையைப் பார்த்தபடியே நின்றார்.

எனக்கும் எழுதக் கொடுத்தார்கள். நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பேராசிரியை, "நல்லா இருக்கும்மா. ஆனா இதுல மைக் சத்தம் கேக்குது," என்றார். அம்மா உட்பட அனைவரும் தலையாட்டினார்கள். ஒலிபெருக்கி இல்லாத இடங்களிலும் கடைசி வரிசைவரை கேட்கும்படி பேசப் பழகிய ஒரு குரலை அவர்கள் குறையாகச் சொன்னார்கள். இன்றுவரை அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மாவின் கட்டுரை வர மாதங்கள் ஆயின. எழுதுவார், கிழிப்பார், மறுபடி எழுதுவார். ஒரு சனிக்கிழமை எழுந்து நின்று வாசித்தார். பெரியம்மாவின் திட்டுகள், அவர் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கும் சில்லறை, பேருந்தில் இடம் பிடிக்க அவர் வீசும் பை என்று போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போது அந்த வரி வந்தது: 'அக்கா போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. பேஜாருதான் ஆச்சு.'

சிரிப்பு நின்றது. கார்டு ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அச்சொல்லுக்கு அந்த அறையில் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. கன்னடத்திலிருந்து எங்கள் தமிழுக்குள் வந்து, வாடகை கொடுக்காமல் சொந்தக்காரராகிவிட்ட சொல் அது. மனம் நொந்துபோவதற்கும் வெறுமைக்கும் பெங்களூர்த் தமிழர் சொல்லும் சொல். அதை எழுதியபோது அம்மா தேடியிருக்க மாட்டார். அது தானே வந்திருக்கும்.

இனி என் கோபத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

பயிலரங்கில் எழுதியவற்றைத் தொகுத்து நூலாக்க முடிவு செய்தார்கள். செம்மைப்படுத்துவதற்குச் சென்னையிலிருந்து ஒரு பதிப்பாசிரியர் வந்தார். அனுபவசாலி, நாகரிகமானவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் எனக்கு வேலை எளிதாக இருந்திருக்கும். அவர் எங்கள் நூலுக்கு அந்தி, பூ, கனி என்ற மூன்றையும் சேர்த்து ஒரு தலைப்பு யோசித்து வந்திருந்தார். கார்டு ஐயா பணிவாக எழுந்து, "சார், நாங்க பூவும் இல்ல, பழமும் இல்ல. ரிட்டயர்டு," என்றார். தலைப்பு கைவிடப்பட்டது. பிரதிகளை வாங்கிக்கொண்டு பதிப்பாசிரியர் ஊர் திரும்பினார்.

அச்சுக்குப் போகுமுன் திருத்தப்பட்ட பக்கங்கள் கைப்பேசிக்கு வந்தன. அம்மா அடுப்படியில் நின்றபடியே திறந்து படித்தார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடி படித்தார். என்னிடம் நீட்டினார்.

'அக்கா காலமான அன்று எனக்கு அழுகை வரவில்லை; எரிச்சல்தான் வந்தது.'

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா இத படிப்பாரு," என்றார்.

அவர் மாமா என்று சொன்னது பெரியப்பாவை. மகன் துபாயில் இருக்க, சந்தாபுரா வீட்டில் தனியாக இருப்பவர். தமிழ் நாளிதழைத் தலையங்கத்திலிருந்து வரி விளம்பரம்வரை விடாமல் படிப்பவர். முதல் பிரதி அவருக்குத்தான் என்று அம்மாவே சொல்லியிருந்தார். பந்தலில் கேட்ட குரலுக்கு அம்மா எழுத்தில் கொடுக்க நினைத்த பதில் இந்தக் கட்டுரை. அந்தப் பதில் இப்போது அந்தக் குரலுக்கே சாட்சி சொல்லக் கிளம்பியிருந்தது. அழாத தங்கைக்கு எரிச்சல்தான் வந்ததாம், அச்சிலேயே இருக்கிறதாம்.

"என் கட்டுரைய எடுத்துட சொல்லிடு," என்றார் அம்மா. "இனிமே நான் கிளாஸுக்கும் வரல. போதும்."

"ஏன் எடுக்கணும்? எதுக்கு எடுக்கணும்?" என்று நான் கத்தினேன்.

"கத்தாத. நீ கத்தினா எழுத்து மாறிடுமா?"

மாற்றிக் காட்டுவது என்று தீர்மானித்தேன். பேராசிரியையை அழைத்தேன். அடுத்த சனிக்கிழமை பதிப்பாசிரியர் நேரில் வருவதாகவும், அச்சுக்குக் கொடுக்குமுன் பேசிக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார். அம்மாவைக் கெஞ்சி அழைத்துப் போனேன். வாதங்களைத் தாளில் எழுதாமல் மனத்தில் அடுக்கிக்கொள்வது என் வழக்கம். அன்று போல் நான் என்றும் அடுக்கியதில்லை.

பதிப்பாசிரியர் அம்மாவைப் பார்த்ததும் கைகூப்பினார். "மேடம், கோவிச்சுக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் மாத்தினேன். பேஜாருன்னா எங்க ஊர்ல தொல்லைன்னு அர்த்தம். 'பேஜார் பண்ணாத'ன்னு சொல்வோம். அக்கா செத்தது பேஜாரு, அதாவது தொந்தரவுன்னு நீங்க எழுதினா, படிக்கிறவன் சிரிப்பான். அதான் கொஞ்சம் கௌரவமா எரிச்சல்னு போட்டேன்."

அவர் தரப்பு விளங்கியது. அம்மா எழுதிய சொல் அவர் ஊரில் வேறு பொருளோடு வாழ்கிறது. அந்தப் பொருள்தான் பொருள் என்று அவர் ஐயமே இல்லாமல் நம்பியிருக்கிறார். ஐயம் வந்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும். ஒரு பெண்மணி தன் அக்காவின் சாவில் எரிச்சலுற்றதாக எழுதுவாரா என்று அவர் நிதானித்திருக்கலாமே! நிதானிக்கவில்லை. வயதானவர், புதிதாக எழுதுகிறவர், எல்லைக்கு அப்பால் இருப்பவர். தவறியிருப்பார் என்று எடுத்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். "ஐயா, ஒரு சொல்லுக்குச் சென்னையில் இருக்கும் பொருள் தமிழ், பெங்களூரில் இருக்கும் பொருள் பிழை என்று தீர்ப்பளித்தவர் யார்? ஆற்றைக் கடந்தால் நீர் மாறுகிறது, சோறு மாறுகிறது; சொல்லின் பொருள் மட்டும் மாறக்கூடாதா? ஆசிரியரைக் கேட்காமல் அவரது துக்கத்தை எரிச்சலாக்கும் உரிமையை..."

"மைக் இல்ல," என்றார் அம்மா தாழ்ந்த குரலில். "மெதுவா பேசு, கீழ தைக்கிறவங்க பயந்துக்கப் போறாங்க."

குரலைத் தாழ்த்தினேன், வாதத்தைத் தாழ்த்தவில்லை. அவர் மறுக்க மறுக்க நான் தொடர்ந்தேன். கடைசியில் பதிப்பாசிரியர் இரு கைகளையும் தூக்கினார். "ஒத்துக்கறேம்மா. எரிச்சல் தப்புதான். எடுத்துடறேன். துயரம்னு போட்டுடலாமா? 'பெருந்துயரம் என்னைச் சூழ்ந்தது.' சரியா?"

"சரி," என்றேன் நான். எதிரணி பணிந்துவிட்டது, மணி அடிப்பது ஒன்றுதான் பாக்கி.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டீங்களா?" என்றார் அம்மா. "எனக்கு துயரம் சூழல."

"என்னம்மா?" என்றேன்.

"துயரம்னா போஸ்டர்ல போடறது. அது ஊருக்கு ஆகறது. எனக்கு அது ஆகல." அம்மா பதிப்பாசிரியரின் பக்கம் திரும்பினார். "சார், அவ தெனம் சாயங்காலம் போன் பண்ணி என்னத் திட்டுவா. அன்னிக்கு எல்லாம் முடிச்சி வீட்டுக்கு வந்து உக்காந்தேன். போன் வரல. வராதுன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் பாத்துட்டே இருந்தேன். டிவி போட்டேன், நிறுத்தினேன். தண்ணி குடிச்சேன். ஏதோ ஒண்ணு. அவ மேல கோவம்னு சொல்லலாமா, தெரியல. என்கிட்ட சொல்லாம எங்கயும் போனதில்ல, இப்ப மட்டும் எப்படி போனான்னு. அழுகை வந்தா அழுதிருப்பேன். அது வரல. அதுக்கு எங்க வீட்ல ஒரே பேருதான். வேற பேரு எனக்குத் தெரியாது."

"வண்டி போனதுக்கப்புறம் ப்ளாட்ஃபாரம் இருக்குமே சார்," என்றார் கார்டு ஐயா, யாரும் கேட்காமலே. "அந்த மாதிரி."

பதிப்பாசிரியர் தன் தாளில் இருந்த 'எரிச்சல்' என்பதை அடித்தார். பிறகு, "அப்போ பேஜாருன்னே இருக்கட்டும் மேடம். கீழ அடிக்குறிப்பு கொடுத்துடலாம். 'பெங்களூர் வட்டார வழக்கு, வருத்தம்'னு," என்றார்.

நான் அதற்கும் எழுந்தேன். அடிக்குறிப்பு என்பது ஒரு சொல்லை வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேட்பது என்று தொடங்கினேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"அடிக்குறிப்பு வேணாங்க. கணக்குல எக்ஸ்னு ஒண்ணு போட்டா, அது எதுன்னு மொதல் வரியிலயே சொல்லிடணும். கடைசியில குட்டி எழுத்துல சொன்னா நானே மார்க் குடுக்க மாட்டேன். ஒரு அரை மணி நேரம் குடுங்க."

தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். கீழே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பேராசிரியை தேநீர் வரவழைத்தார். பதிப்பாசிரியரும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் குடித்தோம். அம்மா இரண்டு முறை எழுந்து வந்து பேராசிரியையிடம் மட்டும் எழுத்துச் சந்தேகம் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை. முடித்ததும் நின்று வாசித்தார்.

'எட்டாம் வகுப்பில் நான் கணக்கில் ஃபெயில் ஆனபோது, அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, பேஜாரு ஆகாதடீ என்றாள். என் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனபோதும் அதையே சொன்னாள். அவளுடைய மகன் துபாய் போன வாரத்தில், ஒரு நாள் என்னைத் திட்டுவதை நடுவில் நிறுத்தி, வீடு பேஜாரா இருக்குடீ என்றாள். அக்கா அழ மாட்டாள். அந்த வார்த்தையைச் சொல்வாள், எழுந்து போய் அரிசி களைவாள். அக்கா போன அன்று எனக்கு அழுகை வரவில்லை. பேஜாருதான் ஆச்சு.'

முதலில் வாய் திறந்தவர் கார்டு ஐயா. "டீச்சரம்மா! நீங்க கணக்குல ஃபெயிலா?"

"அத விடுங்க," என்றார் அம்மா.

"அத எப்படி விடறது? இத்தன மாசமா எங்கள என்ன மெரட்டு மெரட்டினீங்க!"

வகுப்பே இரைந்தது. பதிப்பாசிரியர் தாளை வாங்கினார். ஒருமுறை படித்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "இதுல நான் கை வெக்க மாட்டேன் மேடம்," என்றார். அவர் தவற்றைப் போலவே இதையும் எழுதிவைப்பது என் கடமை.

ஆனால் என் கோபம் தீரவில்லை. தீர்ந்ததாக எழுதினால் அது பொய். வீடு திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது அம்மாவிடம் கேட்டேன். சென்னைச் சொற்களுக்கு யாராவது நமக்கு வரையறை எழுதினார்களா? மதுரைச் சொற்களையும் நெல்லைச் சொற்களையும் நாமே முட்டி மோதிப் புரிந்துகொள்ளவில்லையா? நம்முடைய ஒரு சொல்லுக்கு மட்டும் ஏன் நாம் ஒரு பத்தி எழுதி அனுமதி வாங்கவேண்டும்?

"நம்ம வீட்டுக்கு வரவங்களுக்கு வழி சொல்ல மாட்டியா? அதுக்கு ஏன் இப்படி குதிக்கற?"

"அவங்க வீட்டுக்கு நாம போறப்ப யாரும் சொல்லலியே!"

"பச்ச விழுந்துடுச்சு, வண்டிய எடு," என்றார் அம்மா.

என் கேள்வி இருக்கிறது. ஆனால் அம்மா எழுதிய அந்தப் பத்தி இல்லாமல் முந்தைய கட்டுரை எவ்வளவு மெலிந்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும். கோபத்துக்குக் காரணமான ஒன்றே நல்லதற்கும் காரணமாவது மேடைப் பேச்சாளருக்கு மிகவும் சங்கடமான நிலை. எந்த அணியிலும் இதை வைத்துப் பேச முடியாது.

புத்தகம் வந்ததும் பேருந்து பிடித்துச் சந்தாபுராவுக்குப் போனோம். பெரியப்பா கூடத்தில் நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அம்மா புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, அங்கே நிற்காமல், கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுக்கப் போய்விட்டார். பெரியப்பா வரிக்கு அடியில் விரலை வைத்துப் படிப்பவர். விரல் நகர்வதை நான் எதிரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லறை முடிச்சு வந்த இடத்தில் சிரித்தார். பேருந்துப் பை வந்த இடத்தில் தலையசைத்தார். பக்கத்தைத் திருப்பினார். விரல் ஓரிடத்தில் நின்றது. நகரவே இல்லை.

"பாப்பா," என்று அம்மாவைக் கூப்பிட்டார். "இங்க வா."

அம்மா மடிக்காத துணிகளை மார்போடு அணைத்தபடி வந்து நின்றார்.

"இதுல ஒண்ணு தப்பா எழுதியிருக்க."

பெரியப்பாவுக்கு எதிராகவும் பேசுவதற்கு என் நாக்கு தயாராகிவிட்டது.

"உங்கக்கா எங்க அரிசி களைஞ்சா? கல்யாணம் ஆன நாள்லருந்து நான்தான் களையறேன். அவ பருப்புதான் போடுவா."

"இல்ல மாமா. நான் வரப்பல்லாம் அவதான் களைவா. என் கண்ணால பாத்திருக்கேன்."

"நீ வரப்ப களைவா. நீ பாக்கணும்னுதான களையறது! நீ அந்தப் பக்கம் பஸ் ஏறினதும் இந்தப் பக்கம் என் கைல குண்டானக் குடுத்துடுவா."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தார், பிறகு அந்தச் சிரிப்பு வேறொன்றாக மாறியது. கையிலிருந்த துணியில் முகத்தை மூடிக்கொண்டு, அந்த வீட்டில், பெரியப்பாவின் முன்னால், அம்மா அழுதார். பெரியப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பிறகு, விரலை அதே இடத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த பேஜாரு மட்டும் சரி. அவ சொல்றதேதான். இத யாரும் மாத்தலியே?"

மாற்றியவர்கள், மாற்றச் சம்மதித்தவர்கள், அடிக்குறிப்பில் தள்ளப் பார்த்தவர்கள் எல்லோரையும் பற்றிய குற்றச்சாட்டு முழுமையாக என்னிடம் இருந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அது வாய்க்குள்ளேயே நின்றது.

"இல்ல மாமா," என்றார் அம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "யாரும் மாத்தல."

பெரியப்பா செய்தித்தாளின் அடியிலிருந்து பேனாவை எடுத்தார். புத்தம் புதுப் பக்கத்தில் 'அரிசி களைவாள்' என்றிருந்ததை ஒரே கோட்டில் அடித்தார். அதன் மேல், பெரிய எழுத்தில், 'பருப்பு போடுவாள்' என்று எழுதி, அம்மாவிடம் காட்டினார்.

"'பருப்பு'க்கு நடுவுல 'ப்' விடாம போட்டிருக்கீங்க மாமா," என்றார் அம்மா. "அது வரைக்கும் பரவால்ல."